ஹாலம் வீட்டு இரண்டு குழந்தைகளும் என் பதினோரு நாள் மேதைமையும்

விக்டோரியா மண்ணில் முதன்முதலாகக் கால்வைத்த தமிழ்க் குழந்தைகளைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று பதினோரு நாட்கள் நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா நம்பவில்லை. குளிக்கும்போது நன்றியுரை தயாரித்தேன். பொன்னாடை போர்த்தும்போது தலையை எந்தப் பக்கம் சாய்த்தால் புகைப்படத்தில் வழுக்கை விழாது என்று கண்ணாடி முன் நின்று சோதித்தேன். இடது பக்கம் என்று முடிவாயிற்று.

நம் தமிழ்ச் சங்க மலருக்கு எழுதச் சொல்லி என்னைக் கேட்டவர் சங்கச் செயலாளர், ரோவில் புறநகரில் இருக்கும் குகன். "உங்கட இருவத்திரண்டு வருச வேலையைப் பற்றி எழுதுங்கோ அண்ணை. அந்த ஒரு கதையை மட்டும் விட்டிடுங்கோ" என்றார். என்னிடம் சொல்வதற்கு இருப்பதே அந்த ஒரு கதைதான். மீதி இருபத்திரண்டு வருடமும் பென்சில் சீவினேன்.

என் மனைவி செல்விக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் பெட்டிகளோடு பெட்டியாக நானும் மெல்பர்ன் வந்து இறங்கினேன். மதுரையில் ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் பதிவேடு பார்த்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, குடும்ப வரலாறு தேடித் தரும் ஒரு நூலகத்தில் மூன்று மாதத் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருடம் பெட்டி தூக்கினேன். இரண்டாம் வருடம் பெட்டிக்குள் இருப்பதைப் படித்தேன். மூன்றாம் வருடம், கோழி கிளறியதுபோன்ற பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்க என்னைத் தேடி வந்தார்கள். மூன்று மாதம் அப்படியே நீண்டுகொண்டே போய்விட்டது.

அந்த வேலையில் என்னை முதலில் அசத்தியது வருகிறவர்களின் ஆசைதான். நம் வீட்டில் யாராவது ஜெயிலுக்குப் போயிருந்தால் மூன்று தலைமுறைக்கு மூடி வைப்போம். இங்கே தாத்தாவின் தாத்தா விலங்கோடு கப்பலில் வந்து இறங்கியவர் என்று தெரிந்தால் கேக் வெட்டுகிறார்கள். ஒருவர் தன் முன்னோர் திருடியது ஒரு போர்வையா இரண்டா என்று உறுதிப்படுத்த நான்கு தடவை வந்தார். இரண்டு என்று தெரிந்ததும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் மேலாளர் ஹெலன். உயரமான பெண்மணி. எல்லாப் பருவத்துக்கும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிச்சட்டை. 'தவறு' என்ற சொல்லை அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. நாம் ஏதாவது உளறினால், மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெற்று அட்டையை எடுத்து, ஒரே விரலால் நம் பக்கம் தள்ளுவார். அவ்வளவுதான். அட்டை மேசையில் உரசும் அந்தச் சத்தத்துக்கு நான் பயந்த அளவு என் அப்பாவின் பெல்ட்டுக்குப் பயந்ததில்லை.

அட்டையில் மூன்று வரி நிரப்ப வேண்டும். என்ன சொல்லப்பட்டிருக்கிறது. யார் சொன்னது. அவருக்கு எப்படித் தெரியும். மூன்றாவது வரியில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். இறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் இருக்கும், சொன்னவர் மருமகன், அந்தத் தாயை அவர் வாழ்நாளில் பார்த்ததே கிடையாது. அப்படியென்றால் அது பெயர் அல்ல, பேச்சு. இன்னொரு விதி, உயிரோடு இருப்பவரிடம் தொடங்கி ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். இறந்தவரிடமிருந்து தொடங்கினால் யாரையும் யாருக்கும் பிள்ளையாக்கிவிடலாம்.

என் முதல் அட்டையே என் காதுதான். வேலைக்குச் சேர்ந்த அன்று ஹெலன் என் இரண்டு காதிலும் தூர்ந்துபோன துளைகளைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று கேட்டார். விட்டேனா? குலதெய்வக் கோயில், மொட்டை, தாய்மாமன் மடி, அழாமலிருக்க வாயில் போட்ட சர்க்கரை என்று கால் மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உனக்கு அது ஞாபகம் இருக்கிறதா?" என்றார். எனக்கு ஒன்றரை வயது, எப்படி இருக்கும். அட்டை வந்தது. என்ன: காது குத்தியது. யார் சொன்னது: அம்மா. எப்படித் தெரியும்: உடனிருந்தார். "நல்ல அட்டை" என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

இனி அந்தக் கதை. வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், குகனின் பெயரையும்தான். ஆனாலும் அவரை எல்லோருக்கும் தெரிந்துவிடும். மன்னிக்கவும் குகன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கிரான்பர்னிலிருந்து ஒரு பூர்வகுடி மூதாட்டி தன் மகளோடு வந்தார். எண்பத்தொரு வயது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். எல்லோரும் தன்னை ஆன்ட்டி டாட் என்றுதான் கூப்பிட வேண்டும் என்றார். வெள்ளைக்கார சகாக்கள் கொஞ்சம் தடுமாறினார்கள். எனக்கு என்ன கஷ்டம்? வயதில் மூத்த பெண்களையெல்லாம் ஆன்ட்டி என்று கூப்பிட்டே வளர்ந்த கூட்டம் நாம்.

அவர் சொன்னது இது. அவருடைய பாட்டியின் அம்மா சிறுமியாக இருந்தபோது, மேற்கு விக்டோரியாவில் ஓர் ஓடைக்கரையில் அவர்களுடைய கூட்டத்தைச் சுட்டுக் கலைத்தார்கள். மிஞ்சிய இரண்டு குழந்தைகளை, அந்தச் சிறுமியையும் அவள் அண்ணனையும், ஹாலம் என்ற செம்மறிப் பண்ணைக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். பகலில் வேலை. இருட்டினால் சாமான் அறையில் போட்டு வெளியே தாழ்ப்பாள். ஹாலம் வீட்டார் அவர்களுக்குக் கிட்டி, டாம் என்று பெயர் வைத்தார்கள். கிட்டி வளர்ந்து தப்பித்து, ஒரு மிஷனில் சேர்ந்து, பிள்ளை பெற்று வாழ்ந்தாள். டாம் அந்தப் பண்ணையிலேயே இறந்துபோனான். ஹாலம் குடும்பக் கல்லறைத் தோட்டத்தின் வேலிக்கு வெளியே ஒரு மண்மேடு இருக்கிறது. அது அவன்தான் என்பது ஆன்ட்டி டாட்டின் குடும்பத்துக்கு வழிவழியாக வந்த செய்தி.

நிலம் இன்றும் ஹாலம் குடும்பத்தின் கையில்தான். இப்போதைய ஹாலம் மரியாதையான மனிதர். கல் வைக்கலாம், சடங்கு செய்யலாம், கேட்டைத் திறந்துவிடுகிறேன், ஆனால் அந்தப் பையன் உங்களுடையவன் என்று எழுத்தில் ஏதாவது வேண்டும் என்று சொல்லியிருந்தார். நாங்கள் தேடிச் சொல்வதை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, வீட்டுப் பரணிலிருந்து ஒரு பெட்டி நிறையப் பழைய புத்தகங்களையும் அனுப்பியிருந்தார்.

"அவனுக்கு ஒருத்தரும் போய் அழவில்லை, மகனே" என்றார் ஆன்ட்டி டாட். "நான் போவதற்கு முன்னால் அதைச் செய்துவிட வேண்டும்."

நான் அவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டேன். அதில் ஒன்று: கிட்டி சாகும்வரை தலைக்குட்டையை இடது காதை மறைத்துத்தான் கட்டுவாளாம். அந்தக் காதை யாருக்கும் காட்டியதில்லையாம். என் குறிப்பில் 'இடது காது கேட்காது போல' என்று எழுதி மூடிவிட்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மேதைகள் கேட்பதில்லை.

பெட்டியில் மேலே திருமதி ஹாலத்தின் நாட்குறிப்பு. தோல் அட்டை, அழகான கையெழுத்து, நடுவில் காய்ந்த பூ. அடியில் பண்ணைப் புத்தகங்கள். ஆட்டுக் கணக்கு, எண்ணெய்ப் பிசுக்கு. எதை முதலில் படித்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் அந்த வரி கண்ணில் பட்டது. "இன்று முற்பகல் அவர் குழந்தைகள் இருவருக்கும் காதுக் காரியத்தை முடித்தார். கிட்டி மிகவும் அழுதாள். டாம் அழவேயில்லை. உள்ளே வந்ததும் இருவருக்கும் சர்க்கரை கொடுத்தேன்."

சர்க்கரை! அந்த நிமிடம் எனக்கு மதுரை நாதஸ்வரமே கேட்டது. பத்துப் பக்கம் பின்னால் போனால், ஹாலம் ஆஸ்திரேலியாவுக்கு வருமுன் மெட்ராஸில் பட்டாள அதிகாரியாக இருந்தவர் என்று எழுதியிருக்கிறது. குழந்தைகளை "நமது கறுத்த ஜோடி" என்கிறார் அந்த அம்மாள். எந்த ஊர், எந்தக் கூட்டம் என்று எங்குமே சொல்லவில்லை. மெட்ராஸ், கறுப்பு, காது, சர்க்கரை. கூட்டிப் பார்த்தால் என்ன வருகிறது? யாரோ ஒரு ஆயாவின் பிள்ளைகளைக் கப்பலில் கூட்டிவந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் காது குத்தும் வயது வந்ததும், பாவம், நல்ல மனதோடு நம் வழக்கத்தையும் செய்துவைத்திருக்கிறார்கள். ஆன்ட்டி டாட்டின் குடும்பம் எங்கோ கதையைக் குழப்பிக்கொண்டிருக்கிறது. இப்படி முடிவுகட்ட எனக்கு ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரம் போதுமானதாக இருந்தது.

வீட்டில் சொன்னேன். செல்வி சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, காது குத்துறதுன்னா மாமன் மடியில உக்கார வெப்பாங்க. அங்க மாமன் யாரு? குத்துன ஆசாரி யாரு?"

"கிடைச்சத வெச்சு ஒப்பேத்தியிருப்பாங்க."

"எத வெச்சு?" என்றாள். நான் ஊருக்கு போன் போடப் போய்விட்டேன். முழு வழக்கையும் அவள் அந்த ஒரு கேள்வியில் முடித்துவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் விழாவில், கையில் கொத்துரொட்டித் தட்டோடு குகனிடம் சொன்னேன். குகன் அப்போதும் சங்கச் செயலாளர்தான். கேட்டவுடன் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணை, உண்மையாவே?"

"ஆமா, கிட்டத்தட்ட உறுதி."

என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார். "நான் படகில வந்தனான். இஞ்ச வந்து எத்தினை வருசம் தற்காலிக விசாவில இருந்தனான் எண்டு உங்களுக்குத் தெரியும். எப்ப திரும்பிப் போறாய் எண்டு கேக்காத ஆள் இல்லை. அப்ப எங்கட பிள்ளையள் அந்தக் காலத்திலயே இந்த மண்ணில இருந்திருக்கினம் எண்டு நாளைக்குச் சொல்லலாம். என்ன அண்ணை?"

சொல்லலாம் என்றேன். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போயிற்று. அவர் கண்ணில் இருந்தது ஈரம்தான். அதை நான் ஆதாரமாக எடுத்துக்கொண்டேன். மறுவாரமே சங்கம் எனக்குப் பாராட்டு விழா என்று பதாகை அச்சடித்துவிட்டது. என் பெயருக்கு முன்னால் 'ஆய்வாளர்' என்று போட்டிருந்தார்கள்.

இதற்குள் நான் இன்னொரு காரியம் செய்திருந்தேன். ஹெலனிடம் காட்டாமல் ஹாலத்துக்கு ஒரு 'முதற்கட்டக் குறிப்பு' அனுப்பினேன். ஆன்ட்டி டாட்டின் மகளுக்கும் ஒரு பிரதி. வழக்கமாக ஹாலம் பதில் எழுத மூன்று வாரம் எடுப்பார். இந்தத் தடவை ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டார். என்ன சந்தோஷம்! தன் குடும்பம் இரண்டு இந்திய அநாதைகளை அன்போடு வளர்த்தது என்று இப்போதுதான் தெரிகிறதாம். தமிழ் எழுத்திலேயே கல் வைக்கலாமாம். அந்தப் பெரிய அம்மாவுக்கு வருத்தத்தோடு விஷயத்தை விளக்கிவிடுவாராம்.

அவர் அவ்வளவு வேகமாக நம்பியதைப் பார்த்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். சுட்டுக் கலைத்த இடத்திலிருந்து பிடித்துவந்த குழந்தைகளைவிட, கப்பலில் கூட்டிவந்த அநாதைகள் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வசதி. அந்த வசதியைத் தட்டில் வைத்துக் கொடுத்தவன் நான்.

அந்த வரி கண்ணில் பட்ட பதினோராம் நாள், டயாலிசிஸ் முடிந்த கையோடு ஆன்ட்டி டாட் வந்தார். கையில் பிளாஸ்திரி. வாசிப்பறையில் என் எதிரே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். சத்தம் போடவில்லை.

"கேட்டைத் திறக்க மாட்டாராம். அவனை நீ உங்கள் ஊருக்குக் கொண்டுபோய்விட்டாயாமே, மகனே."

நான் ஏதோ ஆதாரம், மெட்ராஸ் என்று ஆரம்பித்தேன்.

"அவனை ஏற்கெனவே ஒரு தடவை கொண்டுபோனார்கள்" என்றார். "நீ இரண்டாவது."

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்தேன். என் கால் என்னைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகவில்லை. சக்கரத்தைச் சுற்றினால் நகரும் இரும்பு அலமாரிகள் எங்கள் கிடங்கில் உண்டு. அவற்றின் இடுக்கில் போய் நின்றுகொண்டேன். ஐம்பதை நெருங்கும் ஆள், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், வேட்டி கட்டினால் ஊர்ப் பெரியவர்போல இருப்பேன் என்று சொல்வார்கள். அந்த ஆள் அங்கே நின்று, குடியுரிமையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தான். யாரோ அந்தப் பக்கத்திலிருந்து சக்கரத்தைச் சுற்ற, அலமாரி என்னை மெல்ல நசுக்க வந்தது. நசுக்கட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு வயிறு இடித்ததும் "ஆள் இருக்கு!" என்று தமிழில் கத்திவிட்டேன்.

ஹெலன் எட்டிப் பார்த்தார். "தண்ணீர் இங்கே இல்லை" என்றார்.

எல்லாவற்றையும் அங்கேயே நின்று கொட்டினேன். குறிப்பு அனுப்பியது, பதாகை, நன்றியுரை உட்பட. அவர் முகம் மாறவில்லை. மேசைக்குக் கூட்டிப்போய் இழுப்பறையைத் திறந்தார். அட்டை உரசிக்கொண்டு வந்தது.

என்ன: குழந்தைகளுக்குக் காது குத்தியது. யார் சொன்னது: திருமதி ஹாலம். எப்படித் தெரியும்: உடனிருந்தார்.

ஹெலனின் விரல் மூன்றாவது வரியில் போய் நின்றது. நாட்குறிப்பைத் திறந்து மறுபடி படிக்கச் சொன்னார். 'அவர்' முடித்தார். 'உள்ளே வந்ததும்' சர்க்கரை கொடுத்தேன். அந்த அம்மாள் வீட்டுக்குள் இருந்திருக்கிறார். காரியம் நடந்தது வெளியே. 'குத்தியது' என்று அங்கே எழுதியிருக்கவும் இல்லை. அது என்னுடைய சொல். அந்த வார்த்தையை அடித்தேன். உடனிருந்தாரையும் அடித்தேன்.

"அப்படியென்றால் யார் உடனிருந்தது?" என்றார் ஹெலன். "அவர் ஏதாவது எழுதி வைத்தாரா?"

பெட்டியின் அடியிலிருந்த பண்ணைப் புத்தகத்தை அன்றுதான் முதன்முதலாகத் திறந்தேன்.

ஆடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும். வேலியில்லாத காலத்தில் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு காது அடையாளம் இருந்தது. குட்டிகளின் காதில் இடுக்கியால் ஓட்டை போட்டோ, ஓரத்தைக் கத்தரித்தோ விடுவார்கள். வழிதவறிப் போனாலும் யாருடையது என்று தெரியும். ஹாலம் பண்ணையின் அடையாளத்தை முதல் பக்கத்திலேயே வரைந்திருந்தார்கள். நாட்குறிப்பில் இருந்த அதே தேதிக்குப் புரட்டினேன். அன்று முற்பகல் குட்டிகளுக்கு அடையாளம் போட்டிருக்கிறார்கள். மந்தை மந்தையாகப் பட்டியல். கடைசி வரி, அதே மையில், அதே அவசரமில்லாத கையெழுத்தில்: "வீட்டிலிருக்கும் இரண்டும், அதேபோல்."

என் கை என் காதுக்குப் போயிருந்தது. எவ்வளவு நேரம் அங்கேயே இருந்தது என்று தெரியாது.

வெளியே ஓடிப்போய் ஆன்ட்டி டாட்டிடம் காட்டிவிட வேண்டும் என்று எழுந்தேன். ஹெலன் புத்தகத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த வேலை அடுத்த அரை மணி நேரத்தில் நடந்தது. அவர் முதலில் ஆன்ட்டி டாட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். இந்தப் பெட்டியில் ஒரு பக்கம் இருக்கிறது, அது கடினமான பக்கம், பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம், இன்றைக்கு வேண்டாம் என்றும் சொல்லலாம் என்றார். ஆன்ட்டி டாட், காரில் இருந்த மகளை வரச் சொன்னார். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான், "அதைக் காட்டுவதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பார்த்துவிட்டால் அப்புறம் கேட்டுப் பயனில்லை" என்றார் ஹெலன். கிட்டியின் இடது காதைப் பற்றிப் பாட்டி என்ன சொன்னார் என்று கேட்டார்.

என்னிடம் சொல்லியதையே சொல்வார் என்று நினைத்தேன். அவர் என் பென்சிலைக் கேட்டு வாங்கினார். கிட்டி இறந்தபோது உடம்பைக் கழுவியது மகள்தானாம், அதாவது ஆன்ட்டி டாட்டின் பாட்டி. அன்றுதான் அந்தக் காதை அவர் முதன்முதலாகப் பார்த்தாராம். பிறகு சிறுமி டாட்டுக்கு அதை மண்ணில் குச்சியால் வரைந்து காட்டி, காலால் அழித்துவிட்டாராம். ஒரே ஒரு தடவை. ஹெலன் அட்டையைத் தள்ள, ஆன்ட்டி டாட் ஒரு காதை வரைந்தார். நடுவில் ஒரு ஓட்டை. பின் ஓரத்தில், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, முக்கோணமாக ஒரு வெட்டு.

ஹெலன் புத்தகத்தைத் திருப்பி முதல் பக்கத்தைத் திறந்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதே ஓட்டை, அதே வெட்டு. மகள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆன்ட்டி டாட் தேதியிட்ட பக்கத்தையும் கேட்டு வாங்கி, கடைசி வரியில் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். முடித்ததும் என்னைப் பார்த்தார். நான் திட்டுக்குத் தயாரானேன்.

"இதை நீதான் கண்டுபிடித்தாயா?"

"ஹெலன் சொல்லித்தான்" என்றேன்.

"பரவாயில்லை. திருப்பிக் கொண்டுவந்துவிட்டாய்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் எந்த வகையிலும் தகுதியானவன் அல்ல. அதனால்தான் இத்தனை வருடமாக அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஹாலத்துக்குத் திருத்தக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. என் முதல் வரைவில் மன்னிப்பு ஏழு இடத்தில் இருந்தது. ஹெலன் ஆறை அடித்துவிட்டு, "மிச்ச இடத்தில் பக்கங்களின் எண்ணை எழுது" என்றார். இரண்டு பக்கங்களின் நகலையும், ஆன்ட்டி டாட் சம்மதத்தோடு அவர் வரைந்த அட்டையின் நகலையும் சேர்த்து அனுப்பினோம். மூன்று வாரம் பதில் இல்லை. அந்த மூன்று வாரத்தில் நான் நான்கு கிலோ குறைந்தேன். செல்வி டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். நான் போக வேண்டிய இடம் ரோவில் என்றேன்.

குகன் வீட்டில் உட்கார்ந்து சொல்லி முடித்தபோது, பதாகை சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. என் பெயர் தலைகீழாக. குகன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டுக்குப் போடுற மாதிரியோ?" என்றார்.

"ஆமா."

"அப்ப அந்தப் பிள்ளையளுக்குச் சொந்தக்காரர் வந்திட்டினம். நல்லது தானே அண்ணை." எழுந்து பதாகையைச் சுருட்டினார். "ஹோலுக்குச் சொல்லிவிடுறன் விழா இல்லையெண்டு. அங்க சடங்கு நடக்கேக்க கதிரை தேவைப்படுமோ எண்டு அவவிட்டக் கேளுங்கோ. எங்கட சங்கத்தில நாப்பது கதிரை சும்மா கிடக்குது."

மூன்று வாரம் கழித்து ஹாலம் எழுதியது இரண்டே வரி. புத்தகத்தின் நகலைத் தானே படித்துவிட்டதாக. ஆன்ட்டி டாட் சொல்லும் நாளில் கேட் திறந்திருக்கும் என்று.

அந்த நாள் காற்று பலமாக அடித்தது. ஹாலம் கேட்டைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றார். கடைசிக் கார் உள்ளே வரும்வரை விடவில்லை. சங்கத்தின் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளையும் குகன் மேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி வரிசையாகப் போட்டார். தேநீர் கொடுக்கும்போது ஆன்ட்டி டாட் அவரிடம் நீ யார் என்று கேட்க, குகன் தன் கதையைச் சுருக்கமாகச் சொன்னார், படகு, விசா, எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்கிறவர்கள் எல்லாம். ஆன்ட்டி டாட் கோப்பையைக் கீழே வைத்தார். "இனிமேல் யாராவது கேட்டால், என்னிடம் கேட்டுவிட்டு வரச் சொல்" என்றார். குகன் அன்று முழுவதும் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றும் சொல்கிறார்.

இலைகளைப் புகையவிட்டு அவர்களுடைய ஆட்கள் மேட்டைச் சுற்றி வந்தார்கள். ஆன்ட்டி டாட் குனிய முடியாமல் குனிந்து, கையை மண்ணில் வைத்து, ஒரு பெயரைச் சொன்னார். டாம் அல்ல. அவன் அம்மா வைத்த பெயர். கிட்டி தன் மகளுக்குச் சொல்லி, அவள் பேத்திக்குச் சொல்லி வந்த பெயர். பழக்க தோஷம், என் கை சட்டைப் பைக்குள் அட்டையைத் தேடிப் போயிற்று. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எழுதாதே, மகனே."

எழுதவில்லை. இரண்டு வருடம் கழித்து ஆன்ட்டி டாட் காலமானார். ஹெலன் ஓய்வுபெற்று டாஸ்மேனியாவில் எலுமிச்சை வளர்க்கிறார். பதாகை எங்கள் பார்பிக்யூ அடுப்பை மூடியிருக்கிறது. மழை பெய்யும்போது 'ஆய்வாளர்' மட்டும் நன்றாகத் தெரியும்.

போன வருடம் எங்கள் நூலகத்தின் அட்டைகளையெல்லாம் கணினிக்கு மாற்றினார்கள். அரை நிமிடத்தில் வம்சமரம் வரைந்து தரும் இயந்திரம் அது. என் வேலை அதோடு முடிந்தது, வருத்தமில்லை. ஆனால் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் அது ஏற்றுக்கொள்ளாது. 'டாம்' என்று போட்டுவிடுவோமா என்று புதிதாக வந்தவர்கள் என்னைக் கேட்டார்கள். என் வேலைக்காலத்தில் நான் யாரோடும் சண்டை போட்டதில்லை. இதற்காக ஐந்து கூட்டங்களில் உட்கார்ந்து சண்டை போட்டேன். நான்காவதில் தண்ணீர் குடிக்கிறேன் என்று எழுந்து, இந்தத் தடவை தண்ணீரே குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

அந்தப் பதிவு இப்போது இப்படி இருக்கிறது.

பெயர்: குடும்பத்தினருக்குத் தெரியும்.

யார் சொன்னது: தங்கை.

அவருக்கு எப்படித் தெரியும்: உடனிருந்தார்.